மீனுக்கு என்ன கோபம்?

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சிங்கப்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்காருவார்கள். இரண்டு பேர் என் பிள்ளைகள். இரண்டு பேர் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இருப்பவர்கள். ஒருவன் என் மகனின் வகுப்புத் தோழன், இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்து வருவான். மேசையில் இரண்டு பகடை, ஒரு கிண்ணத்தில் சோழி, சிவப்பு அட்டை ஒன்று, பென்சில், தாள், ஒரு தட்டு முறுக்கு. கைப்பேசிகள் எல்லாம் தொலைக்காட்சி அலமாரியில் கவிழ்ந்து கிடக்கும். அடுத்த ஒன்றரை மணி நேரமும் பேச்சுதான்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்று சொல்கிறார்களே, அந்த விளையாட்டு. எங்கள் பிள்ளைகள் அதற்குக் "கதை ஆட்டம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நடத்துபவர் ஒரு நிலைமையைச் சொல்வார். "இருட்டிவிட்டது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு தோணி. தோணிக்காரர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அந்தப் பாத்திரமாக நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்குத் தக்கபடி கதை நகரும். யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை, ஐந்து பேரும் ஒரே அணி.

இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்விதான். பெரியவர்கள் பிள்ளைகளிடம் ஒரு நாளில் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். எட்டேழு எவ்வளவு, வீட்டுப்பாடம் முடித்தாயா, இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். பிள்ளைக்கும் அது தெரியும். அதனால் பெரியவர் மனத்தில் இருக்கும் விடையை ஊகிக்கத்தான் பிள்ளை பழகுகிறது. "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று நான் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே விடை தெரியாது. அதைப் பிள்ளைகள் புரிந்துகொண்ட நாளிலிருந்து அவர்கள் பேசுகிற விதமே மாறிவிட்டது.

பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் பாத்திரங்களுக்கு வைத்த பெயர்களே போதும். என் மகன், தொடக்கநிலை நான்காம் வகுப்பு, எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடும் ஒற்றன் பூரான். அவனைவிட இரண்டு வயது இளையவளான என் மகள் வைத்தியர் வேம்பு. எதிர்வீட்டுச் சிறுமி மின்னி. ஒன்பதாம் மாடியிலிருந்து வருபவன் புயல். வகுப்புத் தோழன் தன்னை நண்டு அரசன் என்று அறிவித்துக்கொண்டவன். எந்த நாட்டுக்கு அரசன் என்று இதுவரை சொன்னதில்லை.

இந்த ஆட்டத்தை எனக்கு அறிமுகம் செய்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் சீனத் தோழி. பள்ளி நாள்களிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ஆட்டம் அது. இந்த வகையில் முதன்முதலில் கடைக்கு வந்ததும் அதுதான். அதற்கும் முன்னால் இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1820களில் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தர, வரைபடமும் பகடையும் நடுவரும் வைத்துப் போர் ஆட்டம் ஆடினார்கள். ஆக, முடிவெடுக்கக் கற்பிக்கும் வேலை இதன் இரத்தத்திலேயே இருக்கிறது. இப்போது டென்மார்க்கில் ஹோப்ரோ என்ற ஊரில், 2006இல் தொடங்கிய ஒரு விடுதிப் பள்ளி, கணக்கு, வரலாறு எல்லாவற்றையும் பாத்திரமேற்று ஆடியே கற்பிக்கிறது. இதைத் தோழி சொன்னபோது எனக்கு ஆசை பிறந்தது, டென்மார்க் போக முடியாவிட்டாலும் மேசை நம்மிடம் இருக்கிறதே என்று.

முதல் தடவை சொதப்பியது. புதியவர்களுக்கான பெட்டி ஒன்றை வாங்கி, விதிப்புத்தகத்தை இரண்டு இரவு உட்கார்ந்து படித்து, பிள்ளைகளை அழைத்தேன். பாத்திரத் தாளை நிரப்பவே முக்கால் மணி நேரம் போனது. தாளில் எத்தனை கட்டங்கள்! எல்லாம் ஆங்கிலத்தில் வேறு. ஆட்டமும் தானாக ஆங்கிலத்துக்கு வழுக்கிப் போய்விட்டது. வேம்பு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பூரான், "அம்மா, இது வொர்க்‌ஷீட் மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தை அலமாரியில் ஏற்றிவிட்டேன். அதைக் குறை சொல்லவில்லை. பதின்ம வயதினருக்கு அது நல்ல ஆட்டம். எட்டு வயதுக்கு அது பெரிய சட்டை.

சிறு பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. ஹீரோ கிட்ஸ், அமேசிங் டேல்ஸ் இரண்டையும் பார்த்தேன். அமேசிங் டேல்ஸில் விதி ஒரே வரிதான்: பிள்ளைக்கு நான்கு திறமை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை, 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நடந்துவிடும். நன்றாகச் செய்யும் திறமைக்கு 12 முகப் பகடை, சுமாரானதற்கு 6 முகப் பகடை. நான்கு ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைவிட எளிதாக ஒன்று சொல்ல முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. அதனால் 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டத்திலிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த ஆட்டம் பெரியவர்களுக்கானது, பிள்ளைகள் கையில் தர முடியாது. விதி மட்டும் தங்கம். சாதாரண 6 முகப் பகடை இரண்டை உருட்ட வேண்டும். 10 அல்லது மேல் விழுந்தால் நினைத்தது அப்படியே நடக்கும். 6 அல்லது கீழ் என்றால் நிலைமை மோசமாகும். நடுவில் 7 முதல் 9 வரை விழுந்தால், "நடக்கும், ஆனால்..." அந்த "ஆனால்" தான் ஆட்டத்தின் உயிர். சுவர் ஏறிவிட்டாய், ஆனால் செருப்பு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. காவலர் உன்னை நம்பிவிட்டார், ஆனால் கூடவே வருவேன் என்கிறார். சரி, தப்பு என்ற இரண்டே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி கிடைத்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், வேகம், புத்தி, பேச்சு என்று நான்கு குணம். ஒன்றில் 2 கூடும், ஒன்றில் 1 கூடும், மற்ற இரண்டில் ஒன்றும் கூடாது. முழுத்தாள் வேண்டாம், அரைத்தாளில் முடிந்துவிடும்.

கணக்கு இதற்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு என் மாமியார்தான் காரணம். முதலில் எல்லாம் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் வாரம், "பகடையைப் போயி காசு குடுத்தா வாங்குவாங்க, நம்ம வீட்டுலயே இருக்கே" என்று தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாயக்கட்டை இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். பித்தளை. சுண்டுவிரல் நீளம், நான்கு பக்கம். மூன்று பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. நான்காவது பக்கம் வெறுமை. அவர் கையில் இரண்டையும் தேய்த்து உருட்டியபோது வந்த "கிணுங்" என்ற சத்தத்துக்கே பிள்ளைகள் மயங்கிவிட்டார்கள்.

பூரான் அரைமணி நேரம் உருட்டிவிட்டு, "அப்பாயி, தாயமே விழ மாட்டேங்குது" என்றான். ஏன் என்று கண்டுபிடி என்றேன். ஒரு பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டான். மேலே ஒரு கட்டையின் பக்கங்கள், இடப்புறம் இன்னொரு கட்டையின் பக்கங்கள். மொத்தம் 16 கட்டம். தாயம், அதாவது ஒன்று, இரண்டே கட்டத்தில் வந்தது. மூன்று, நான்கு கட்டத்தில். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அது ஒரே ஒரு கட்டத்தில். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "பன்னெண்டுதான் தாயத்தைவிடக் கஷ்டம். அப்புறம் ஏன் எல்லாரும் தாயம் தாயம்னு கத்துறீங்க?" என் மாமியார் சிரிக்கவில்லை. "தாயம் விழாம காய் எறங்காதுடா. கதவு தொறந்தாத்தானே உள்ள போயி பன்னெண்டு போட முடியும்" என்றார். நிகழ்தகவு உயர்நிலைப் பள்ளியில்தான் பாடமாக வருகிறது. அரிதாக இருப்பது வேறு, தேவையாக இருப்பது வேறு என்பது எந்த வகுப்பில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவனே இரண்டு 6 முகப் பகடைக்கும் 36 கட்டம் போட்டுக்கொண்டு வந்தான். 6 அல்லது கீழ் 15 கட்டம், 7 முதல் 9 வரை 15 கட்டம், 10 அல்லது மேல் வெறும் 6 கட்டம். அப்புறம் 2 கூட்டிப் பார்த்தான். மோசமாகும் 15 கட்டம் 6 ஆகக் குறைந்துவிட்டது, நன்றாக நடக்கும் 6 கட்டம் 15 ஆகிவிட்டது. அப்படியே தலைகீழ். அன்றிலிருந்து யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். சுவர் ஏறப் புயல் போகட்டும், அவனுக்கு வேகம் 2 என்று. முன்பு நான்தான் முதலில் நான்தான் முதலில் என்று சண்டை நடக்கும்.

இப்போது வாள்மீன் கதைக்கு வருகிறேன். நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த இரண்டு சனிக்கிழமைகளில்தான்.

இங்கே புக்கிட் மேரா, அதாவது சிவப்பு மலை, என்று ஓர் இடம் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை இங்கே வளர்ந்த பலருக்கும் தெரிந்திருக்கும். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்றில் வருகிறது. பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று உறுதி செய்துகொண்டு, கதையைச் சொல்லாமல் நிலைமையை மட்டும் சொன்னேன். "கடலிலிருந்து கூர்மூக்கு வாள்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து கரையில் இருப்பவர்களைக் குத்துகின்றன. ராஜா படைவீரர்களைக் கரையில் வரிசையாக நிறுத்திக் கால்களாலேயே வேலி போட்டிருக்கிறார். வீரர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?"

புயல், வலை வீசுவோம் என்றான். கிழிந்துவிடும் என்று மற்றவர்களே சொல்லிவிட்டார்கள். நண்டு அரசன், வீரர்களுக்கு இரும்புக் காலுறை செய்யலாம் என்றான். எத்தனை பேர், எவ்வளவு இரும்பு, எத்தனை நாள் என்று பூரான் கணக்குக் கேட்டான். வேம்பு, "அம்மா, மெத்தை!" என்று கத்தினாள். மீன் மூக்கு மெத்தையில் குத்தினால் மாட்டிக்கொள்ளும் அல்லவா? அப்போது ஏது மெத்தை என்று கேட்டதும், மெத்தென்று வேறு என்ன இருக்கும் என்று எல்லாருமாகத் தேட ஆரம்பித்தார்கள். வைக்கோல், தென்னை மட்டை, நனைந்த கோணி. சமையலறையிலிருந்து மாமியார் வாய் திறக்காமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது வாழைத்தண்டுப் பொரியல். கடைசியில் பூரான் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

இந்த ஆரவாரம் முழுக்க மின்னி பேசாமல் இருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். தமிழ் வகுப்பில் கைதூக்க மாட்டாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். அவள் முறை வந்தபோது கேட்டாள்: "ஆன்ட்டி, மீனுக்கு என்ன கோபம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியொரு கேள்வியை நான் நினைத்தே பார்க்கவில்லை. "நீதான் கேட்டுச் சொல்லணும்" என்றேன். அவள் மேசையிலேயே குனிந்து, கரையில் குனிவதுபோல், மெதுவான குரலில் மீனோடு பேசினாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். உங்க பேபிங்கள யாராவது எடுத்துட்டாங்களா, பயமா இருக்கா, ஏன் குத்துறீங்க. மற்ற நால்வரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் ஆட்டம் முடிந்ததும் பழைய கதையைச் சொன்னேன். வாழைமரத்தால் வேலி போடலாம் என்று சொன்னது ஒரு சிறுவன். பாய்ந்த மீன்களின் மூக்கு தண்டில் குத்தி மாட்டிக்கொண்டது, ஊர் தப்பியது. பிறகு, இவ்வளவு அறிவுள்ள பையன் வளர்ந்தால் ஆபத்து என்று ராஜாவிடம் சொல்லி அவனைக் கொல்ல வைத்துவிட்டார்கள். அவன் ரத்தத்தால்தான் மலை சிவந்தது என்பது கதை. ஐந்து பேருக்கும் முகம் மாறிவிட்டது. புயல் எழுந்து நின்று, "இது அநியாயம், அடுத்த வாரம் நாங்க அவனைக் காப்பாத்துவோம்" என்றான்.

அடுத்த வாரம் அரண்மனை. ராஜாவிடம் பேசுவது யார் என்று முடிவு செய்யும்போது, நான் பேசுறேன் என்று மின்னி தானாகச் சொன்னாள். கையில் ஒரு தாள். வீட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைப் பார்க்காமலே பேசினாள். "ராஜா, இந்தப் பையன் சின்னவன். அவன் உங்களுக்கு உதவி செஞ்சான். உதவி செஞ்சவங்கள நீங்க தண்டிச்சா, அடுத்த தடவை ஆபத்து வரும்போது யாருமே ஐடியா சொல்ல மாட்டாங்க. அப்ப உங்க ஊர் என்ன ஆகும்?" நான் இரண்டு ஆண்டில் கேட்ட பேச்சிலேயே சிறந்தது அது.

அப்புறம்தான் நான் தவறு செய்தேன். பழக்கதோஷத்தில், சரி, உருட்டு என்று சொல்லிவிட்டேன். நான்கு விழுந்தது. ராஜா மனம் மாறவில்லை என்று அறிவித்தேன். மின்னி தாளை நான்காக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை காரணத்தோடு பேசினாள், நான் அதைப் பகடையிடம் கொடுத்துவிட்டேன். காரணம் சொன்னால் பலன் உண்டு என்பதைக் கற்பிக்கத்தானே இந்த ஆட்டமே? தோழியிடம் சொன்னேன். அவர் சொன்னது எளிது: சந்தேகம் இருந்தால் மட்டும் பகடை. கேட்ட உனக்கே மனம் மாறிவிட்டது என்றால் ராஜாவுக்கும் மாறட்டும். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் ஐவரிடமும் சொன்னேன். போன வாரம் நான் அவசரப்பட்டேன், மின்னி பேசிய பேச்சுக்குப் பகடை தேவையே இருக்கவில்லை என்று. ராஜாவுக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை, அந்தச் சிறுமி சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது என்று கதையைத் தொடங்கினேன். பையன் பிழைத்தான், ஆனால் ஊரைவிட்டுக் கூசுத் தீவுக்குப் போக வேண்டும். மின்னி அதற்கும் பேரம் பேசினாள். அவன் அம்மாவும் கூடப் போகலாம் என்று வாங்கிக் கொடுத்தாள்.

இனி மொழியைப் பற்றி. நான் இதைத் தமிழில் நடத்த முனைந்தது பிள்ளைகள் தமிழ் பேச வேண்டும் என்ற ஆசையில்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் ஆங்கிலச் சொல் வந்தால் ஒரு சோழி அபராதம் என்று வைத்தேன். இரண்டே வாரத்தில் அதை எடுத்துவிட்டேன். அபராதம் இருந்தால் பிள்ளை தமிழ் பேசாது, வாயை மூடிக்கொள்ளும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த புயலே, "நான்... வேண்டாம், அவனே சொல்லட்டும்" என்றான். இப்போது அவன், "நான் அந்த பிரிட்ஜ ஜம்ப் பண்ணி கிராஸ் பண்றேன்" என்றால், நான், "புயல் பாலத்தைத் தாண்டிக் குதிக்கிறான், கீழே ஆறு இரைகிறது" என்று கதையாகத் திருப்பிச் சொல்வேன். திருத்தவில்லை, தொடர்கிறேன், அவ்வளவுதான். மூன்றாவது நான்காவது தடவை பாலமும் குதிப்பதும் அவன் வாயிலேயே வந்துவிடும்.

நான் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. என் கதையில் வரும் மீனவர் பேச்சுத்தமிழில் பேசுவார், அமைச்சர் நீட்டி முழக்குவார், தேக்கா சந்தையில் காய் விற்கிற அக்கா படபடவென்று கொட்டுவார். ஒரு நாள் நண்டு அரசன் ராஜாவைப் பார்த்து "என்னா வேணும் ஒனக்கு?" என்று கேட்டுவிட்டான். காவலர்கள் வாளை உருவினார்கள் என்றேன். ஐந்து பேரும் பதறிப்போய், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். "தாங்கள்" என்று ஒரு சொல் இருப்பதை வேம்பு நினைவுபடுத்தினாள், எங்கோ மேடை நாடகத்தில் கேட்டதாம். யாரிடம் எப்படிப் பேசுவது என்பது தமிழில் பாதிப் படிப்பு. அதைப் பயிற்சித்தாளில் கற்பிக்க எனக்குத் தெரியாது.

வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் கூடியதா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டிய தேர்வு என்பதால் இந்தக் கேள்வி இயல்புதான். எங்கள் பிள்ளைகள் இப்போது தயங்காமல் வாய் திறக்கிறார்கள், காரணம் சொல்கிறார்கள், "ஆனால்", "அதனால்", "இருந்தாலும்" எல்லாம் தாராளமாக வருகின்றன. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஐந்து பிள்ளைகளை வைத்து மதிப்பெண் கணக்குப் போடுவது நேர்மையாகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மதிப்பெண்ணுக்காக இதை நடத்தினால், நான் கேட்கும் கேள்வி மறுபடியும் விடை தெரிந்த கேள்வியாகிவிடும். பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நடத்திப் பார்க்க நினைப்பவர்களுக்கு, எனக்குக் கைகொடுத்த சிலவற்றைச் சொல்கிறேன். நான்கைந்து பிள்ளைகள் போதும். ஆறாவது பிள்ளை வந்தால் தன் முறைக்குக் காத்திருந்தே ஒருவன் சலித்துப் போவான். எட்டு வயதுக்கு ஒன்றரை மணி நேரம் உச்சம். ஆர்வம் உச்சியில் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். குரல் ஓங்கிய பிள்ளையே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் சோழி. ஆளுக்கு மூன்று. ஒரு செயல் செய்ய ஒன்றைக் கிண்ணத்தில் போட வேண்டும். எல்லாருடைய சோழியும் தீர்ந்தால்தான் மறுபடி பங்கு பிரிப்போம். முதல் நாள் புயல் மூன்றையும் மூன்று நிமிடத்தில் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மின்னியின் காதில், "நீ இத செய்யேன், நல்லாருக்கும்" என்று கிசுகிசுக்க ஆரம்பித்தான். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சிவப்பு அட்டையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கதையில் யாருக்காவது மனம் ஒப்பாத ஒன்று வந்தால் அட்டையைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டாம், கதை வேறு பக்கம் திரும்பிவிடும். ஜான் ஸ்டவ்ரோபோலஸ் என்பவர் வகுத்த எக்ஸ் அட்டை என்ற முறை, உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நண்டு அரசன் ஒருமுறை வாழைத்தோப்பில் பொந்தியானாக் பேயைக் கொண்டுவந்தான். எல்லாரும் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கை அட்டையைத் தொட்டது. யார் கை என்று சொல்ல மாட்டேன். பேய் ஒரு பழவௌவாலாக மாறிப் பறந்துபோனது. யாரும் கேலி செய்யவில்லை. பயத்தை ஒளிக்காமல் சொல்லவும், மற்றவர் பயத்தை மதிக்கவும் நான் தனியாக எதுவும் போதிக்கவில்லை, அட்டை அங்கே இருந்தது.

கதைக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். நூலகத்தில் இந்த வட்டாரத்துப் பழங்கதைகள் இருக்கின்றன, வீட்டில் பாட்டிகள் இருக்கிறார்கள். கதையின் முடிவை மட்டும் வெட்டிவிட்டு நிலைமையைச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டித் தீர்மானித்த முடிவை நோக்கிப் பிள்ளைகளைத் தள்ளாதீர்கள். எனக்கு அது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் ஆசை ஆசையாக வரைந்த குகைக்குள் அவர்கள் போகவே மாட்டேன் என்றால், போகட்டும் என்று விடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஜூன் விடுமுறையில் ஐவரையும் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பெரிய கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியவற்றில் ஒரு துண்டு அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். பாடாங் என்ற பலசாலி தூக்கி எறிந்த கல் அது என்று கதை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. பூரான் என்னைத் திரும்பிப் பார்த்து, "நிஜமாவே யாருக்கும் தெரியாதா? டீச்சருக்குக்கூடவா?" என்று கேட்டான். நிஜமாகவே யாருக்கும் தெரியாது என்றேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் இப்போதைய கதை அந்தக் கல்லைப் பற்றியது. வெடிவைக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் படித்தாக வேண்டும். நண்டு அரசன் அது ஒரு கடன் பத்திரம் என்கிறான், அரசன் அல்லவா. வேம்பு மருந்துக் குறிப்பு என்கிறாள். பூரான் அடிக்கடி வரும் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். மின்னி வரும் சனிக்கிழமை அவள் பாட்டியின் கோல நோட்டைக் கொண்டு வருகிறாளாம். எதற்கு என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றாள்.